கழுவிய ஃபிலிமில் புள்ளிகள்: எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது?

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவத் தொடங்கியவர்கள் முதல் சுருளைத் தூக்கிப் பார்த்ததும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணா, புள்ளி புள்ளியாக இருக்கிறதே, டெவலப்பர் கெட்டுப்போய்விட்டதா?" பெரும்பாலும் கெட்டிருக்காது. டெவலப்பர் என்பது ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம். அது கெட்டுப்போனால் படத்தை மொத்தமாக வெளிற வைக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைக்காது. புள்ளி என்றால் தண்ணீர், காற்றுக்குமிழி, தூசி, கை இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீருக்கே முதலிடம். அதற்காக எல்லாப் பழியையும் தண்ணீர் தலையில் போட்டுவிட முடியாது. குமிழியால் வந்த புள்ளிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கிச் செலவழித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

புள்ளியைக் கண்டதும் விரலாலோ துணியாலோ துடைக்கப் போகாதீர்கள். துடைத்துவிட்டால் காரணத்தைச் சொல்லும் தடயமும் போய்விடும். கூடவே ஒரு கீறலும் விழும். முதலில் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை

கைபேசித் திரையை முழு வெள்ளையாக்கி, நெகட்டிவ்வை அதன்மேல் ஒட்டி வைக்காமல் இரண்டு விரற்கடை தூக்கிப் பிடியுங்கள். ஒட்டி வைத்தால் திரையின் கட்டங்களே புள்ளிகளாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லையென்றால் கேமராவின் 50 மி.மீ. லென்சைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அதைவிட நல்ல கண்ணாடி கடையில் கிடைப்பது அரிது.

புள்ளி சுற்றுப்புறத்தைவிடத் தெளிவாக, கண்ணாடிபோல் இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா? நெகட்டிவ்வில் தெளிந்தது பிரிண்டில் கறுப்பாக வரும்; நெகட்டிவ்வில் கறுத்தது பிரிண்டில் வெள்ளையாக வரும். பலர் ஸ்கேன் செய்த படத்தை மட்டும் பார்த்து "வெள்ளைப் புள்ளி" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டு மருந்து சொல்கிறவர் நேர் எதிரான மருந்தைச் சொல்லிவிடுவார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் நிறமெல்லாம் நெகட்டிவ்வில் தெரியும் நிறம்.

அடுத்து, நெகட்டிவ்வை டியூப் லைட்டுக்குச் சாய்வாகத் திருப்புங்கள். பளபளப்பான பக்கம் வெறும் பிளாஸ்டிக். மங்கலான பக்கம்தான் எமல்ஷன், அதாவது படம் பதியும், வெள்ளி கலந்த ஜெலட்டின் பூச்சு. புள்ளி எந்தப் பக்கம், மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பது இந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் தெரியும். பிறகு இடம். ஒரு ஃபிரேமில் மட்டுமா, எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்திலா, ஓரத்தை ஒட்டியா? எல்லா ஃபிரேமிலும் ஒரே மூலையில் முடிபோன்ற தெளிந்த கோடு என்றால் கேமராவுக்குள் ஃபிலிம் படியும் சட்டத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. நெகட்டிவ்வில் ஒன்றுமே இல்லாமல் ஸ்கேனில் மட்டும் ஒரே இடத்தில் புள்ளி வருகிறதென்றால் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

வெண்மையான வளையம், சுண்ணாம்புத் தடம்

நம் ஊர்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆகையால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுவரை வளையங்கள் தெரியும். நடுவில் ஒன்றும் இருக்காது. விளிம்பில் மட்டும் மாவு தடவியதுபோல் வெள்ளையாக இருக்கும். சில இடங்களில் வளையத்தின் கீழ்ப்பக்கம் தடித்து, வால்போல் இறங்கியிருக்கும். தொங்கவிட்ட ஃபிலிமில் சொட்டு நின்று, மெல்ல வழிந்து, காய்ந்த கதையை அந்த வால் சொல்கிறது. லென்சை வைத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியான படிகங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இவை. தண்ணீர் ஆவியானதும் கடைசியாக எங்கே ஈரம் நின்றதோ அங்கே உப்பு படிந்துவிடுகிறது. சோறு வடிக்கிற பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைதான்.

தருமபுரி மாவட்டத்துத் தண்ணீர் என்றதும் ஃபுளோரைடுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். பல்லுக்கும் எலும்புக்கும் அது கேடு. ஆனால் ஃபிலிமில் விழும் வெள்ளை வளையத்துக்கு அது காரணமில்லை. காரணம் தண்ணீரின் கடினத்தன்மை. வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்தாலும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. பல வீடுகளில் அதுவும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் கலக்கின்றன.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான கண்ணாடித் துண்டில் குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் என ஒவ்வொரு சொட்டாக வைத்து, விசிறி போடாமல் காயவிடுங்கள். எது வளையம் விடுகிறதோ அது ஃபிலிமிலும் விடும். சுவைக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஆர்.ஓ. இயந்திரங்களின் தண்ணீர் இந்தச் சோதனையில் சில நேரம் தோற்றுவிடும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் பெரும்பாலும் தேறிவிடும். கேன்மேல் ஒட்டியிருப்பதைப் படித்து வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில் இருக்கும்.

மொத்த அலசலுக்கும் இந்தத் தண்ணீர் தேவையில்லை. குழாய்த் தண்ணீரிலேயே அலசலாம். கடைசி முழுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரில், ஒரு 35 மி.மீ. சுருளுக்கு ஏறக்குறைய 300 மில்லி. அதில் போட்டோ-ஃப்ளோ போன்ற ஈரப்படுத்தும் திரவத்தைச் சேர்க்கிறோம். கோடக் சொல்லும் அளவு 200 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு; டிஸ்டில்டு வாட்டரானால் அதிலும் குறைவாகப் போதும். "கொஞ்சம் அதிகமாக விட்டால் நல்லது" என்ற நினைப்புத்தான் அடுத்த கோளாறுக்கு வழி: நுரை காய்ந்து, வானவில் நிறத்தில் பிசுபிசுப்பான படலமாகத் தங்கிவிடும். கழுவும்போது ஃபிலிமைச் சுற்றி வைக்கும் ரீலை இந்தத் திரவத்தில் முக்கவே கூடாது. ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனியாக ஒரு கிண்ணத்தில் முக்கி எடுங்கள். பிளாஸ்டிக் ரீலில் இது படிந்துகொண்டே வந்தால் அடுத்த முறை ஃபிலிம் பாதியில் சிக்கி நிற்கும்.

ஷாம்புவையும் பாத்திரம் துலக்கும் திரவத்தையும் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவற்றில் வாசனையும் நிறமும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்திருக்கின்றன. நல்ல தண்ணீர் இருந்து, ஈரப்படுத்தும் திரவம் இல்லாவிட்டால், வெறும் தண்ணீரே மேல்.

வளையம் ஏற்கெனவே விழுந்துவிட்ட நெகட்டிவ்வை என்ன செய்வது? பளபளப்புப் பக்கம் என்றால் கவலையே இல்லை. வாயால் ஊதி ஈரமாக்கி, மென்மையான பருத்தித் துணியாலோ லென்ஸ் துடைக்கும் துணியாலோ மெல்லத் துடைத்தால் போய்விடும். எமல்ஷன் பக்கம் வெள்ளை படிந்திருந்தால் துடைக்காதீர்கள். ஃபிலிமை மறுபடி ரீலில் ஏற்றி, 5 நிமிடம் ஊறவைத்து, பிறகு நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஓரிரு நிமிடம் வையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத வினிகரை மூன்று பங்கு தண்ணீரோடு கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். சுண்ணாம்பு அதில் கரைந்துவிடும். மறுபடி அலசி, டிஸ்டில்டு வாட்டரில் முக்கித் தொங்கவிடுங்கள்.

வெண்மை இல்லாத வளையம், எமல்ஷன் பக்கம் மட்டும்

பார்க்கச் சுண்ணாம்பு வளையம்போலவே இருக்கும்; வினிகரில் ஊறவைத்தாலும் போகாது. சாய்த்துப் பார்த்தால் எமல்ஷனிலேயே ஒரு சின்னக் குழிபோல் தெரியும். சுற்றிலும் ஜெலட்டின் காய்ந்து இறுகிவிட்ட பிறகும் ஒரு சொட்டு மட்டும் ஈரமாகவே நின்றிருக்கிறது. அது காயும்போது அங்கே ஜெலட்டின் வேறு மாதிரி இழுத்துக்கொள்கிறது. வெள்ளித் துகள்களும் கூடவே இழுபடுகின்றன. அடர்த்தியே மாறிவிடுகிறது.

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் காற்று ஃபிலிமை மளமளவென்று காய வைக்கும். வேகமாகக் காய்வது நல்லது என்று விசிறிக்கடியில் தொங்கவிட்டால் இந்தக் குழிகள் அதிகமாகும். ஃபிலிமை நேர்செங்குத்தாகத் தொங்கவிடாமல் கொஞ்சம் சாய்த்துக் கட்டினால் சொட்டுகள் ஓரத்துக்கு ஓடி, துளை வரிசையில் வடிந்துவிடும். மேல்முனையையும் கீழ்முனையையும் கிளிப்பால் பிடித்து, கீழ்முனையைச் சுவர்ப்பக்கம் இழுத்து ஓர் ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. விரலிடுக்கில் பிடித்து வழிப்பதையும் ரப்பர் துடைப்பானையும் நான் ஏற்பதில்லை. அதில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் 36 ஃபிரேமுக்கும் ஒரே கோடு.

ஏற்கெனவே விழுந்த குழியை நன்றாக ஊறவைத்து, மெதுவாகச் சீராகக் காயவிட்டால் சில நேரம் ஓரளவு சமமாகும். முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கச்சிதமான வட்டம், கண்ணாடிபோல் தெளிவு

காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் வட்டம், விளிம்பு கூர்மை, உள்ளே படமே இல்லை, அல்லது வெளிறிய படம். வானம், சுவர் போன்ற சமதளங்களில் பளிச்சென்று தெரியும். பிரிண்டில் கறுப்புப் பொட்டு. இது காற்றுக்குமிழி. டெவலப்பர் ஊற்றியதும் ஃபிலிமில் ஒட்டிக்கொண்ட குமிழி, டெவலப்பரை அந்த இடத்தில் அண்டவிடவில்லை.

ஃபிலிம் கழுவும் ஒளிபுகாத டப்பாவான டேங்கை நிரப்பி மூடியதும் அடிப்பக்கத்தை மேசையில் நாலு தட்டுத் தட்ட வேண்டும். மென்மையாக அல்ல, கொஞ்சம் உறைக்கவே தட்டலாம். குமிழிகள் கழன்று மேலே வந்துவிடும். இல்ஃபோர்டு சொல்லும் முறையில் முதல் 10 விநாடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துகிறோம். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. ஒவ்வொரு முறையும் முடித்ததும் தட்டல் உண்டு. தட்டாமல் விடுகிறவர்களுக்குத்தான் இந்தப் புள்ளி வருகிறது.

தட்டியும் வந்தால் தண்ணீரைப் பாருங்கள். மோட்டார் போட்டவுடன் குழாயில் பால்போல் வரும் தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருக்கும். அதில் உடனே டெவலப்பர் கலந்தால், டேங்கின் வெதுவெதுப்பில் குமிழி பிறந்துகொண்டே இருக்கும். முந்தின இரவே பிடித்து வைத்துவிடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரானால் இன்னும் நல்லது: காற்றும் வெளியேறும், கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் சுண்ணாம்பாகப் படிந்தும் விடும். மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். டெவலப்பருக்கு முன் ஒரு நிமிடம் அதே சூட்டுத் தண்ணீரில் ஃபிலிமை ஊறவைப்பதும் உதவும்.

விழுந்த வட்டத்தை நெகட்டிவ்வில் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அங்கே வெள்ளியே உருவாகவில்லை.

ஊசிமுனை அளவில் தெளிந்த புள்ளிகள், ஒழுங்கற்ற வடிவம்

படம் எடுக்கும்போதே ஃபிலிம்மேல் தூசி இருந்திருக்கும். ஒளியை அது மறைத்த இடம் தெளிந்த புள்ளியாகிறது. ஒசூர் சாலையிலோ கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருக்கும் பக்கமோ கேமராவின் பின்மூடியைத் திறந்து ஃபிலிம் மாற்றினால் அந்த வெள்ளை மாவு உள்ளே போகத்தான் செய்யும். ஊதுகுழலால் கேமராவின் உட்புறத்தை ஊதிவிட்டு ஃபிலிம் போடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

இதே தோற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி கலந்து டெவலப்பர் செய்கிறவர்கள் இப்போது அதிகம். சோடா என்பது கார்பனேட். அதிலிருந்து நேராகக் காட்டமான அமில ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசலுக்கு) போனால் எமல்ஷனுக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, ஜெலட்டினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். படம் முழுக்க ஊசித்துளை. இப்படிப்பட்ட டெவலப்பருக்கு ஸ்டாப் பாத்தே வேண்டாம். வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு ஹைப்போவுக்கு, அதாவது படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சருக்குப் போகலாம். டி-76 வகை டெவலப்பரில் இருப்பது வெங்காரம். அங்கே இந்தப் பயம் இல்லை.

கரும்புள்ளிகள்

நடு கறுத்து, விளிம்பு மங்கி, சிலவற்றில் சிறு வாலும் இருந்தால் கரையாத டெவலப்பர் துகளைச் சந்தேகியுங்கள். துகள் எமல்ஷன்மேல் உட்கார்ந்து அந்த இடத்தில் மட்டும் மிகையாக வேலை செய்திருக்கிறது. வீட்டில் எடை போட்டுக் கலப்பவர்களிடம் இது சகஜம். டி-76 சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். மெட்டால் அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் சரியாகக் கரையாது. ஆகவே 50 டிகிரி அளவு சூடான தண்ணீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மிச்சச் சல்ஃபைட்டும் மற்றவையும். எல்லாம் கொட்டிக் குலுக்கினால் துகள் அடியில் தங்கும். கலந்த மறுநாள் பயன்படுத்துங்கள். புனலில் பஞ்சை அடைத்து ஒருமுறை வடிகட்டுங்கள். ரசாயனக் கடையில் சல்ஃபைட்டும் சல்ஃபேட்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். இரண்டு முறை பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

பொடியை எடை போட்ட அதே அறையில், அதே மேசையில் ஃபிலிமை ரீலில் ஏற்றினால் பறந்த பொடி காய்ந்த ஃபிலிமில் போய் உட்காரும். டெவலப்பர்ப் பொடியானால் கரும்புள்ளி, ஹைப்போப் பொடியானால் தெளிந்த புள்ளி. இரண்டும் கலந்து விழுந்த ஒரு சுருள் என்னிடம் வந்தது. நட்சத்திர வரைபடமாகவே இருந்தது. காரணம் கேட்டால் "அறை ஒன்றுதான் அண்ணா இருக்கிறது" என்றார் தம்பி. அறை ஒன்றாக இருக்கலாம். எடை போடுவது ஒரு நாள், ஃபிலிம் ஏற்றுவது இன்னொரு நாள், நடுவே ஈரத்துணியால் மேசையைத் துடைப்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

செம்பழுப்பான துகள் எமல்ஷனில் பதிந்திருந்தால் அது துரு. பழைய இரும்புக் குழாயும் செந்நீர் வரும் ஆழ்துளைக் கிணறும் இருக்கும் வீடுகளில் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் பாருங்கள், துணியே சொல்லிவிடும்.

கிளை விட்ட மின்னல்போல் கறுத்த கோடு தெரிந்தால் அது நிலைமின்சாரம். வறண்ட நாட்களில் ஃபிலிமை வெடுக்கென்று பின்சுற்றியிருக்கிறீர்கள். மெதுவாகச் சுற்றுங்கள்.

பிறை வடிவம்

நகக்கண் அளவில், பிறைபோல் வளைந்த தடம், பெரும்பாலும் கறுப்பு. ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கிய இடம். ஃபிலிம் சிக்கியதும் இழுத்துத் தள்ளுவதால் வருகிறது. சிக்குவதற்குக் காரணம் அநேகமாக ஈரம்: ரீல் முழுக்கக் காயவில்லை, அல்லது கை வியர்த்திருக்கிறது. கோடையில் கரண்ட் இல்லாத மதியத்தில் கறுப்புப் பைக்குள் கைவிட்டு ஏற்றுகிறவர்களுக்குப் பைக்குள் மழையே பெய்யும். அந்த வியர்வை ஃபிலிமில் பட்டால் விரல்ரேகையோடு திட்டும் விழும். அதிகாலையில் ஏற்றிவிடுங்கள். நடுவில் சிக்கினால் ஃபிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து தொடருங்கள்.

பால்போன்ற திட்டு, ஊடுருவிப் பார்க்க முடியாத கறை

இது ஒன்றுதான் பயமுறுத்திவிட்டுச் சுலபமாகத் தீர்வது. ஹைப்போ போதவில்லை. மறுபடி புதிய ஹைப்போவில் போடுங்கள். விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். திட்டு கரைந்து, கீழே படம் தெரிந்தால் பிழைத்தோம். கரைந்த பிறகு அங்கே வெறும் கண்ணாடியாக இருந்தால், ரீலில் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டி டெவலப்பரே போகவில்லை என்று பொருள். அந்த ஃபிரேம் போனது போனதுதான்.

ஹைப்போ வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க, கேமராவில் போடும்போது வெட்டியெறியும் ஃபிலிம் நாக்கு போதும். அதன்மேல் ஒரு சொட்டு ஹைப்போ விட்டு, அரை நிமிடம் கழித்து முழுத் துண்டையும் உள்ளே போடுங்கள். சொட்டு விட்ட இடமும் மற்ற இடமும் ஒரே தெளிவுக்கு வர ஆகும் நேரத்தைக் குறித்து, அதை இரட்டிப்பாக்குங்கள். டி-மேக்ஸ், டெல்டா வகை ஃபிலிம்களுக்கு மூன்று மடங்கு. புதிதாகக் கலந்தபோது ஆனதைவிட இரு மடங்கு நேரம் பிடிக்க ஆரம்பித்தால் அந்த ஹைப்போவுக்கு ஆயுள் முடிந்தது. வெயில் படும் அலமாரியில் வைத்த ஃபிக்சர் கந்தக நெடியோடு வெள்ளையாகக் கலங்கி வண்டல் விட்டிருந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காதீர்கள். அந்த வண்டல் கந்தகம். ஃபிலிமில் ஒட்டினால் எளிதில் விடாது.

வலைபோன்ற நெளிவு, ஓரத்தில் எமல்ஷன் கழன்று வருவது

சூடு. மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கும் தண்ணீர் ஏப்ரல் மதியத்தில் கையில் பட்டாலே சுடும். 20 டிகிரி டெவலப்பரிலிருந்து அந்தத் தண்ணீருக்கு ஃபிலிமைத் தூக்கிப் போட்டால் ஜெலட்டின் சுருங்கி விரிந்து வெடிப்பு விட்டுவிடும். இப்போதைய ஃபிலிம்கள் நன்றாக இறுக்கப்பட்டவை என்பதால் முழு வலை விழுவது அரிது. ஆனால் துகள்கள் திரண்டு படம் சொரசொரப்பாவது அடிக்கடி நடக்கிறது.

20 டிகிரியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. எல்லாக் கரைசலும் ஒரே சூட்டில், இரண்டு மூன்று டிகிரிக்குள் இருப்பதுதான் முக்கியம். மண்பானையில் இரவு ஊற்றிவைத்த தண்ணீர் காலையில் 24, 25 டிகிரிக்கு வந்து நிற்கும். அந்தச் சூட்டிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். நேரத்தை மட்டும் குறைக்க வேண்டும். எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரின் நேர்க்கரைசலில் (தண்ணீர் கலக்காமல்) 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். அதற்கும் கீழே போனால் சமமாகக் கழுவுவது சிரமம். ஆகவே கோடையில் சரிபாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் என்று கைக்கு அடக்கமான நேரம் கிடைக்கும். ஐஸ் போடுவதென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி, பாட்டில் நிற்கும் வாளித் தண்ணீரில் போடுங்கள், டெவலப்பருக்குள் அல்ல. அலசுவதற்கான வாளியையும் அதே அறையில், அதே இரவில் பிடித்துவைக்க வேண்டும். பலர் மறப்பது இந்த வாளியைத்தான்.

தண்ணீர் குறைவாக இருந்தால் இல்ஃபோர்டின் அலசல் முறை கைகொடுக்கும்: டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. முடிந்தது.

காய்ந்த எமல்ஷனில் பதிந்த தூசி

ஈர ஜெலட்டின் ஒட்டும் தன்மை உடையது. காயும்போது விழுந்த தூசி பிறகு ஊதினாலும் பிரஷ்ஷால் தட்டினாலும் போகாது. பிரிண்டில் வெள்ளையாக விழும். குளியலறைதான் நல்ல இடம். சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் கதவைச் சாத்தி, தூசி அடங்கியதும் ஃபிலிமைத் தொங்கவிட்டு, காயும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் இதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்குவது நல்லது. ஏற்கெனவே பதிந்த தூசியை எடுக்க மறுபடி ஊறவைத்து அலசுவது ஒன்றே வழி.

பழைய நெகட்டிவ்வில் நூல் நூலாகப் படர்ந்த கறை

பூஞ்சை. இதற்கு மட்டும் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாகிவிடும். அலசினால் படமும் சேர்ந்து போய்விடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, தேவையில்லாத ஃபிரேமில் முதலில் சோதித்துவிட்டு, மெல்ல ஒற்றி எடுங்கள். தாத்தா காலத்துக் கல்யாண நெகட்டிவ்களை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து ஆர்வத்தோடு சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஓரத்தில் அரித்துத் தின்ற தடம் இருந்தால் அது பூச்சியின் வேலை. ஜெலட்டின் அதற்குச் சாப்பாடு.

எதுவும் செய்ய முடியாத புள்ளி

குமிழி வட்டமும் தூசியின் தெளிந்த புள்ளியும் பிரிண்டில் கறுப்பாக வருவதால் அங்கே மை வைக்க வழியில்லை. காகிதத்தில் இருக்கும் கறுப்பைச் சுரண்டி எடுப்பது கைதேர்ந்தவர் வேலை. பழைய ஸ்டுடியோக்களில் டச்சிங் செய்தவர்கள் இதை நெகட்டிவ்விலேயே தீர்த்தார்கள். நெகட்டிவ்வை ஒளிப்பெட்டியில் வைத்து, தெளிந்த புள்ளியின்மேல் மெல்லிய பிரஷ்ஷால் ஒளிபுகாத சாயம் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். கறுப்பாக வரவேண்டிய இடம் பிரிண்டில் வெள்ளையாக வரும். அந்த வெள்ளையில் சுற்றியுள்ள சாம்பல் நிறத்துக்கு நீர்த்த மையைப் பொட்டுப் பொட்டாக வைத்து நிரப்பலாம். 35 மி.மீ. ஃபிலிமில் இதற்கு இடம் போதாது. அதைவிட அகலமான 120 அளவு ஃபிலிமிலிருந்து முயன்று பாருங்கள். முதல் பொட்டு எப்போதும் தேவையைவிட வெளிறியதாகவே இருக்கட்டும். காய்ந்த பிறகு அடுத்ததை வைக்கலாம். அதிகம் வைத்துவிட்ட மையைத் திரும்ப எடுப்பது கடினம்.